பேய் இருமுமா?

“பேய் இருமுமா சார்?”

ஆரோக்கியசெல்வி கேட்டதும் சித்தார்த்தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். விழுப்புரத்தில் சிறுவர் புத்தகங்கள் போடும் சின்னப் பதிப்பகம் அவருடையது. வருகிற கதைகளைப் பிழை பார்த்துச் செம்மை செய்வது செல்வியின் வேலை. பள்ளிப் பிள்ளைகளே எழுதிய இருபது பேய்க் கதைகள் சாயங்காலம் அச்சுக்குப் போயாக வேண்டும். பத்தொன்பது முடிந்துவிட்டது.

“பேய்க் கதையில போய் லாஜிக் பாத்துக்கினு இருக்கியேம்மா. எழுதினது அஞ்சாங்கிளாஸ் பொண்ணு.”

“படிக்கப் போறதும் அஞ்சாங்கிளாஸ்தான் சார். பேய் தலையைக் கழட்டிக் கையில வெச்சுக்கிச்சுன்னா ஒத்துக்குவாங்க. ஆனா இது பக்கத்து வூட்டுல மொளகா வறுக்குற நெடிக்கு இருமுது. இன்னிக்கு என்ன கெழமைன்னு வேற கேக்குது. பேய்க்குக் கெழமை எதுக்கு?”

“அடிச்சிட்டு வேற எழுது.”

“எழுதினேன் சார். ‘பயங்கரமாகச் சிரித்தது’ன்னு மாத்தி போன்ல படிச்சுக் காட்டினேன். அது சிரிக்கவே இல்ல மிஸ், இருமிச்சுன்னு அந்தப் பொண்ணு ஒரே அழுகை.”

“பெரிய பேஜாரா போச்சே.”

“அந்தப் பொண்ணு வூடு திண்டிவனம்தான சார். நேர்ல கேட்டுட்டு வந்துடறேன்.”

“ஒரு இருமலுக்கு பஸ் ஏறிப் போறியா?”

அவள் அதற்குள் படி இறங்கியிருந்தாள்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் ஊர்ந்தது. செல்வி தாள்களை மறுபடி எடுத்தாள். ‘கதவைத் திற என்று பேய் கெஞ்சியது.’ மிரட்டியது என்றுதானே வர வேண்டும்? சிவப்புப் பேனாவை அந்தச் சொல்லின்மேல் வைத்தவளுக்கு அடிக்கக் கை வரவில்லை.

திண்டிவனத்தில் ஒரு தெருவின் கடைசிக்கு முந்தின வீடு, கதை எழுதிய கலைப்பிரியாவுடையது. சனிக்கிழமை என்பதால் பள்ளி இல்லை. அம்மா தையல்நாயகியும் அன்று ஜவுளிக்கடை வேலைக்கு லீவு போட்டிருந்தாள்.

“கதை நல்லா இல்லியா மிஸ்?” சிறுமியின் கண் இன்னும் சிவந்திருந்தது.

“நல்லா இருக்கு கண்ணு. ஒண்ணு ரெண்டு சந்தேகம், அவ்ளோதான். பேய் எப்ப பேசும்?”

“அம்மா வேலைக்குப் போனப்புறம். சமையல்கட்டு செவுத்துக்கு அந்தாண்ட இருந்து.”

“பயமுறுத்துமா?”

“இல்ல. தண்ணி கேக்கும். நான் ஓடியாந்துடுவேன்.”

தையல்நாயகி சங்கடமாகச் சிரித்தாள். “எல்லாம் கலையோட கற்பனைங்க. நாங்க குடி வந்து மூணு மாசம்தான் ஆவுது. பக்கத்து வூட்டுல ஒரு பொம்பள தூக்கு மாட்டிக்கினு செத்துட்டாளாம். பேய் நடமாட்டம் இருக்கு, கொழந்தைய அண்ட வுடாதீங்கன்னு அந்த வூட்டுக்காரரே சொன்னாரு.”

“அவரு அங்கதான் இருக்காரா?”

“இல்லீங்க, பூட்டித்தான் கெடக்குது. சாயங்காலம் வந்து வெளக்கு வெச்சிட்டுப் போவாரு.”

“பேய் இருக்குன்னு சொல்றவரு, இருட்டுற நேரத்துல தனியாவா உள்ள போறாரு?”

தையல்நாயகியின் கண் சமையல்கட்டுப் பக்கம் போனது.

செல்வி சமையல்கட்டுக்குள் போனாள். சுவரை மூன்று முறை தட்டினாள். பிறகு காதை வைத்து வெகுநேரம் நின்றாள். தலையை எடுத்தபோது அவள் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

“கொழந்தைய கூட்டிக்கினு வெளிய வாங்க. ஜல்தி.”

வாசலுக்கு வந்ததும் போன் அடித்தது. சித்தார்த்தன். “பிரஸ்ல காத்துக்கினு இருக்காங்கம்மா. அனுப்பலாமா?”

“அனுப்பாதீங்க சார்.” அவர் பேச்சை அப்படியே துண்டித்துவிட்டு வேறொரு எண்ணை அழைத்து, தெருப்பெயரை மெல்லிய குரலில் இரண்டு முறை சொன்னாள்.

கால் மணி நேரம் கழித்துத் தெருமுனையில் ஒரு பைக் திரும்பியது.

“அவருதாங்க” என்றாள் தையல்நாயகி.

பைக்கை நிறுத்திய ஆள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். கையில் சாவிக்கொத்து. “யாரு நீங்க?”

“புத்தகம் போடற எடத்துலருந்து வர்றேங்க. இந்தப் பொண்ணு கதை எழுதியிருக்கு.”

“என்ன கதை?”

“பேய்க் கதை.”

அவன் கண் இமைக்காமல் பார்த்தான். “வழிய வுடும்மா.”

பூட்டிய வீட்டு வாசலை மறித்து நின்ற செல்வி நகரவில்லை. குரலை நிதானமாக வைத்துக்கொண்டாள். “உங்க வூட்டுப் பேய்தானுங்களே. தப்பா அச்சாயிடக் கூடாது பாருங்க. செத்துப்போனவங்க பேரு என்ன? எந்த வருஷம்?”

“அதெல்லாம் எதுக்கு உனக்கு?”

“எந்த ரூம்ல நடந்துச்சு? வெளக்கு வெக்கறீங்கன்னு சொல்றாங்க, எண்ணெய் கொண்டு வரலீங்களா?”

அவள் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவன் பூட்டில் சாவியை வைத்தபோது, பின்னால் ஜீப் வந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் அவன் கையை மடக்கினார்கள். கூட வந்த பெண் போலீஸ் சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்து, டார்ச்சோடு உள்ளே போனார்.

தெருவே கூடிவிட்டது. கலைப்பிரியா செல்வியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பெண் போலீஸின் தோளைப் பிடித்தபடி, வெளிச்சம் தாங்காமல் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு பேய் வாசல்படி வரை நடந்து வந்தது. அதற்கு இருபது வயதுகூட இருக்காது.

“கலைங்கறது நீதானா?” என்றாள் அவள், எட்டிப் பார்த்த முகத்தைக் கண்டு. “இவ்ளோ சின்னப் பொண்ணா நீ?”