பதினாலாவது கேள்வி

மன்னிப்புக் கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. ‘ஆஸ்துமா தேர்வில் டாக்டர் சோலானோவைப் பார்த்து எழுதினேன்’ என்ற வரிக்குக் கீழே நர்ஸ் யோர்லெனி கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

“போட மாட்டேன்,” என்றாள் யோர்லெனி, மூன்றாவது முறையாக.

தலைநகர் சான் ஹோசேயிலிருந்து வந்த குழு வைத்த தேர்வு அது. டாக்டர்களும் நர்ஸுகளுமாக நாற்பது பேர் எழுதியதில் பலர் பாதி மார்க்கைத் தாண்டவில்லை. இரண்டு பேர் மட்டும் இருபதுக்கு இருபது. இரண்டு தாளும் கமா வரைக்கும் ஒன்று என்று குழு குறிப்பு எழுதி அனுப்பியிருந்தது.

ஒருவர் டாக்டர், ஒருவர் நர்ஸ். யார் யாரைப் பார்த்து எழுதியிருப்பார் என்பதை ஆஸ்பத்திரி இயக்குநர் உமாஞா காபி ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டார்.

“ரெண்டு பொண்ணுங்களை வளர்க்கிறீங்க. கையெழுத்துப் போட்டா வெறும் கண்டிப்பு. இல்லேன்னா ஆஸ்துமா அறையை விட்டுட்டுத் துணிக் கிடங்குக்குப் போகணும். போர்வை மடிக்கணும்.”

“மடிச்சிட்டுப் போறேன். போர்வை பொய் சொல்லாது.”

எதிர் நாற்காலியில் சோலானோ சிரித்தார். படிப்பு முடித்து ஒரு வருஷம்தான். நடை மட்டும் முப்பது வருஷ சர்வீஸ்.

“விடுங்க டோன்யா யோர்லெனி, நான் மன்னிச்சாச்சு. பக்கத்து சீட்டுல உக்காந்தா கண்ணு அலையத்தான் செய்யும்.”

“அலைஞ்சுது டாக்டர். பார்த்தேன்.”

“வாயைக் குறைங்க யோர்லெனி,” என்றார் உமாஞா.

“இருபது வருஷமா எனக்கே ஆஸ்துமா. குறைக்கணும்னா அதைக் குறைக்கிறேன், வாயை எதுக்கு? போன வாரம் ஏழு மாசக் கர்ப்பிணிக்கு இவர் இன்ஹேலரை நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தலை. அதுக்கும் மெமோ. இப்போ இவரோட தாளை எடுங்க. பதினாலாவது கேள்வி. சத்தமா படிங்க.”

உமாஞா சலிப்போடு தாளை எடுத்தார். “‘கர்ப்பிணிகள் ஆஸ்துமா மருந்தை நிறுத்தலாமா?’ பதில், ‘கூடாது. மூச்சுத் திணறல்தான் குழந்தைக்கு ஆபத்து.’ சரியாத்தானே எழுதியிருக்கார்? வார்டுல ஏதோ வாய் தவறிச் சொல்லியிருப்பார்.”

“அதானே!” என்றார் சோலானோ.

“முழுசா படிங்க சார். இன்னும் ஒரு வரி இருக்கு.”

உமாஞா வாயைத் திறந்தார். மூடினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி மனத்துக்குள் படித்தார். பிறகு சோலானோவை முகத்தில் தொடங்கி வயிறு வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

“சோலானோ, உனக்கு எப்போப்பா ரெண்டு பிரசவம் ஆச்சு?”