பொட்டு வைத்த துப்பாக்கி

பிடித்துவிடட்டும், பிடித்துவிடட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

சென்னை விமான நிலையம். சுங்க அதிகாரியின் மேசையில் கறுப்புப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே, அவள் கணவன் அமெரிக்காவில் வாங்கிய கைத்துப்பாக்கி.

தங்கத்தோடு வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று சாமியைக் கூப்பிடும் இடம் அது. அவள் வேண்டுதல் மட்டும் தலைகீழ்.

அந்தத் துப்பாக்கியை அவன் ஒருநாளும் அவள் பக்கம் நீட்டியதில்லை.

சண்டை வரும். பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போவான். அதை எடுத்து வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்துத் துடைக்க ஆரம்பிப்பான்.

சண்டை முடிந்துவிடும்.

ஊருக்கே போய்விடலாம் என்று நச்சரித்தவள் அவள்தான். நம் ஊரில் இதையெல்லாம் உள்ளே விடவே மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பினாள், பாவம்.

அவன் விசாரித்தான். உரிமம் வாங்கினான். சுங்கத்தில் பொருளைக் காட்ட வேண்டியவர்கள் போகும் சிவப்பு வழியில் தானாகவே வந்து நின்றான். இப்போதும் கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக நிற்கிறான்.

அதிகாரி பிடியைத் தடவினார். விரலில் சிவப்பு ஒட்டியது.

"குங்குமமா?"

"ஆயுத பூஜைக்கு வச்சது சார். என் ஒய்ஃப்தான் வச்சாங்க."

அதிகாரி சிரித்தார். பொட்டு வைக்கிற வீடு நல்ல வீடாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். அன்று அவள் பயந்துகொண்டே வைத்தது அவருக்கு எப்படித் தெரியும்?

தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. முத்திரை விழுந்தது.

அதிகாரி அவனைப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க சார். இதை விக்கக் கூடாது. யாருக்கும் குடுக்கவும் கூடாது. ஆயுசு முழுக்க உங்க வீட்டுலதான் இருக்கணும்."

அவன் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போடக் குனிந்தான்.

அவள் கேட்டுவிட்டாள்.

"யாரோட ஆயுசு சார்?"

அவன் சிரித்தான். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தான்.

அதிகாரி சிரிக்கவில்லை. அப்போதுதான் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவனை. பிறகு, தன் விரலில் இருந்த குங்குமத்தை.

பெட்டியை மூடினார். தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க. அம்மா, நீங்க உட்காருங்க."

அவன் அவளைப் பார்த்தான். சாப்பாட்டு மேசையில் பார்ப்பானே, அதே பார்வை.

அவள் உட்கார்ந்தாள்.