குமிழி பார்க்கிறவர்

நாகர்கோவில் மருத்துவமனையின் ஜன்னல் வெயிலில், தன் ரத்தம் நிரம்பிய குப்பியைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார் மீனவர் ஞானதாசன். அவருடைய இரைப்பையிலுள்ள புற்றுக்கட்டி ரத்தத்தில் நுண்குமிழிகளை விடும், அவற்றைச் சோதித்தால் கட்டியின் நிலை தெரியும், அதே மாதிரிக் குமிழிகளைச் செய்து மருந்தடைத்துக் கட்டிக்கே அனுப்பும் சோதனைச் சிகிச்சையும் இருக்கிறது என்று இளம் டாக்டர் அபிதா சொல்லி முடித்திருக்கிறாள். “நாப்பது வருசமா கடல்ல மீன்கூட்டம் விடுற குமிழியப் பாத்துத்தான் வலைய வளைக்கச் சொல்லுவேன் மக்கா. இதுல ஒண்ணும் தெரியல்லியே?” “கண்ணுக்குத் தெரியாது ஐயா. மிஷின்லதான் பாக்கணும்.” குப்பியை இரண்டு கையாலும் திருப்பித் தருகிறார். முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சில் சிவப்பு மெல்லப் பரவுகிறது. “வளைக்க நேரம் போச்சுன்னா, போச்சுன்னு சொல்லிரணும். வள்ளத்தக் கடல்ல சும்மா நிறுத்தி வைக்கப்பிடாது.” “சொல்லுதேன்” என்கிறாள் அபிதா. அவள் உள்ளங்கையில் குப்பியின் சூடு இன்னும் ஆறவில்லை.