சாவியோடு போனவர்

வைரக்கண்ணுவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் தன் டிராக்டரிலிருந்து சாவியை உருவிக்கொண்டிருந்தார்.

குடவாசல் பக்கம், எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தின் வாசல். குறுவை அறுவடை நேரம். நெல் ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் வரிசையாக நின்றன.

அந்த வரிசையில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. டீ குடிக்கப் போனாலும் சரி, சாப்பிடப் போனாலும் சரி, சாவி வண்டியிலேயே இருக்கவேண்டும். வரிசை நகர்ந்தால் பக்கத்தில் நிற்பவர் ஏறி வண்டியை முன்னே விடுவார். சாவியை எடுப்பது, ஊரையே திருடன் என்று சொல்வது மாதிரி.

அன்று மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. என் நெல் வாடகை வண்டியில் இருந்தது. நான் சைக்கிளில் வந்திருந்தேன். எனக்குப் பின்னால் வைரக்கண்ணு. அவருக்குப் பின்னால் இளவழகன்.

இளவழகன் மஞ்சள் கயிறு கட்டிய ஏதோ ஒரு சாவியை விரலில் சுழற்றியபடி பேசிக்கொண்டிருந்தார்.

"என் தம்பி பொண்டாட்டி செவ்வந்தியைப் பாருங்க. தம்பி போய் ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள வண்டிச் சாவியைத் தொலைச்சிட்டு நிக்குது. நெல்லு லோடோட வயல்லயே கிடக்கு."

"மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதானே?" என்றேன்.

"மழை வர்ற நேரத்துல எவன் வருவான்? நிலத்தை என்கிட்ட விட்டுடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!"

சிலர் சிரித்தார்கள். வைரக்கண்ணு சிரிக்கவில்லை. இளவழகனின் விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் லோடு மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். வண்டியில் ஏறிச் சாவியை உருவினார்.

"அண்ணே, சைக்கிளைக் கொஞ்சம் குடுங்க."

கொடுத்தேன்.

"யோவ் வைரக்கண்ணு! சாவியை வெச்சிட்டுப் போய்யா!" என்று கத்தினார் இளவழகன்.

"இதோ வந்துடுறேன்."

"நாங்க என்ன களவாணிப் பயலுங்களா? என் வண்டிச் சாவி வண்டியிலதானே தொங்குது! உன் ஓட்டை வண்டியை ஓசியில குடுத்தாக்கூட காயலான்கடைக்காரன் எடுக்க மாட்டான்யா!"

வரிசையே சிரித்தது. வைரக்கண்ணு திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

வரிசை நகர்ந்தது. என் நெல் உள்ளே போனது. அவர் வண்டி மட்டும் வழியை மறித்தபடி நின்றது. போன் போட்டால் எடுக்கவில்லை. மற்றவர்களின் சாவியைப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் புது வண்டிச் சாவிகள், எதுவும் சேரவில்லை.

"ஊரை நம்பாதவனுக்கு ஊர் வரிசையில என்ன இடம்?" என்றார் இளவழகன்.

சங்கிலி போட்டு இழுத்து, வைரக்கண்ணுவின் வண்டியை ஓரங்கட்டினார்கள். பின்னால் இருந்த வண்டிகள் அதைத் தாண்டிப் போயின. மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்டதும் செவ்வந்தி வந்தாள். என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உடம்பு முழுக்க நனைந்திருந்தது.

"வைரக்கண்ணு அண்ணன் போயிட்டாருங்க," என்றாள் என்னிடம்.

"என்னம்மா சொல்றே?"

"எங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணி, லோடை மழைக்கு முன்னாடி கொட்டகைக்குள்ள விட்டுட்டாரு. இறங்கி டயர் ஓரமா உக்காந்தாரு. தண்ணி கேட்டாரு. கொண்டு வர்றதுக்குள்ள சாஞ்சுட்டாரு. ஆம்புலன்ஸ் வந்தும் காப்பாத்த முடியல."

அவள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு சாவி.

"அவர் வண்டிச் சாவி. வரிசை நிக்குமே, வரிசை நிக்குமேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அதான் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

இளவழகன் முன்னால் வந்தார்.

"அவன் சாவி உன் வண்டிக்கு எப்படிம்மா சேரும்?"

"ரெண்டும் ஒரே பழைய மாடல் மாமா. அந்த வண்டிங்க எல்லாத்துக்கும் ஒரே சாவிதான். உங்களுக்குத் தெரியாததா?"

"அப்போ அதை இங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே! நாங்க என்ன வேண்டாம்னா சொல்லப்போறோம்?"

செவ்வந்தி அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். மஞ்சள் கயிறு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"நானும் அதைத்தான் கேட்டேன் மாமா. 'அங்க சொன்னா, நீ ஆயுத பூஜைக்குக் கயிறு கட்டுன சாவி யார் கையில இருக்குன்னும் சொல்லவேண்டி வரும். நாலு பேர் முன்னாடி உன் மூத்தாருக்கு அவமானம். என்னைத் திட்டிட்டுப் போகட்டும்'னாரு."

இளவழகனின் கை சட்டைப்பையை மூடியது. அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டிருந்தார்கள்.

வைரக்கண்ணுவின் வண்டியை அந்தச் சாவியைப் போட்டு நாங்களே கிளப்பினோம். வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். தார்ப்பாய்க்குள் நெல் நனையவில்லை.

செவ்வந்தி மஞ்சள் கயிற்றுச் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. நிலத்தையும் விடவில்லை. அவள் வண்டியை அவளே ஓட்டுகிறாள். வைரக்கண்ணுவின் வண்டியை அவர் மகள் கயல்விழி ஓட்டுகிறாள்.

இரண்டு வண்டிக்கும் அந்த ஒரு சாவிதான்.