பெரியவருக்கு ஒரு ‘ம்’

கந்தர்வக்கோட்டையில் முந்திரி உடைக்கும் கொட்டகைக்குள் தகர ஓட்டைகள் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. நாளைய மொழியியல் செமினாருக்காக ஞானராஜ் செல்போனில் ஓர் அமேசான் காட்டுப் பெரியவரின் பேச்சை ஓடவிடுகிறான். அந்த மொழி தெரிந்தவர்கள் உலகத்திலேயே அவரையும் சேர்த்து இரண்டு பேர்தான் மிச்சம். பெரியவர் நாலு சொல் பேசுகிறார், நிறுத்துகிறார். பாவம், மொழி மறந்துபோச்சு என்று ஞானராஜ் குறித்துக்கொள்கிறான். எதிரே வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டிக்கொண்டிருக்கும் அமலராணி அத்தை, அந்த இடைவெளியில் “ம்” என்கிறாள். பெரியவர் தொடர்கிறார். மறுபடி நிறுத்துகிறார். “ம்.”

“அத்தே, ஒங்களுக்குப் புரியுதா?”

“புரிஞ்சாத்தானா? கத சொல்றவுகளுக்கு ம் கொட்ட வேணாமா? ரெக்கார்டு பண்ணுனவன் வாயில என்ன, கொழுக்கட்டையா?”

பதிவு பாதிக் கதையில் முடிந்துவிடுகிறது. அத்தையின் கட்டை அந்தரத்தில் நிற்கிறது.

“அப்பறம்?”

அதைச் சொல்லக்கூடிய இரண்டு பேரின் போன் நம்பரும் ஞானராஜிடம் இல்லை.