ராத்திரியில் ஆகாது

ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் பழைய ஆள் பீட்ரூட்தான். தோல் சுருங்கிப்போய் மூலையில் கிடந்தது. அன்று புதிதாக வந்து பக்கத்தில் படுத்த அரைக்கீரைக் கட்டு ஓயாமல் பேசியது.

"இனிமே தினமும் கீரைதானாம். வீட்டுக்காரிக்குச் சர்க்கரை ஏறிப்போச்சுன்னு டாக்டர் சத்தம் போட்டாராம். இன்னைக்கே என்னைச் சமைச்சிடுவாங்க."

போன வாரம் வெண்டைக்காயும் இதையேதான் சொன்னது.

காலையில் கீரை ஆய நேரமில்லாமல் வீட்டுக்காரி வேலைக்கு ஓடினாள். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. கீரையைக் கையில் எடுத்தவள், "ராத்திரியில கீரை உடம்புக்கு ஆகாது" என்று பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டு, பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தாள். மறுநாளும் அதே கதைதான்.

கீரையின் பேச்சு குறைந்தது. பிறகு அது அழுகி, பீட்ரூட்டின் மேலேயே ஒழுகியது. கடைசியில் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் குப்பையில் போட்டாள்.

காலியான இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி வந்து உட்கார்ந்தது. தன் பெயர் இன்சுலின் என்றது.

"ஆசையை வளர்த்துக்காதே," என்றது பீட்ரூட். "காலையில நேரமில்லைம்பாங்க, ராத்திரியில ஆகாதும்பாங்க."

"என்னை அப்படித் தள்ள முடியாது," என்றது குப்பி. "காலையிலயும் நான்தான், ராத்திரியிலயும் நான்தான்."