கரிச்சான் சொன்ன சாட்சி

“டீயா இது? பாத்திரம் கழுவின தண்ணி!” என்று மனைவியைச் சீண்டிவிட்டு வனக்காவலர் காட்டுக்குக் கிளம்பினார்.

பிறகு ஒரு சாயங்காலம் கொல்லையில் அவருடைய விசில் கேட்டது.

“அம்மா, விசில்!”

“எனக்கும் காது இருக்குடி. டீ போட்டாச்சு.”

மகளுக்குக் கண் கலங்கியது. “அது கரிச்சான்மா. அப்பா இறந்து ஒரு மாசமாச்சு.”

கேட்ட சத்தத்தையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும் குருவி அது. காட்டில் அவர் பின்னாலேயே சுற்றும்.

“தெரியாதா எனக்கு? பாறையில வழுக்கி விழுந்தாரு, பக்கத்துல யாருமே இல்லேன்னாங்களே. இன்னைக்கு முழுசாக் கேளு.”

குருவி மறுபடியும் விசிலடித்தது. அடுத்து, மரம் அறுக்கும் மெஷின் சத்தம். அதன்பின் அவசர அவசரமாக ஒரு விசில். அது பாதியிலேயே அறுந்தது.

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று டம்ளரிலும் டீ வழக்கம்போலத் தண்ணியாகத்தான் இருந்தது.